நெப்ராஸ்காவில் மேற்கே குடிபெயர்ந்தால் அதிபர் தேர்தல் வாக்கு செல்லாக்காசாகிவிடுமா?

பழைய வண்ணை வாசகி

வணக்கம். என் தங்கையின் மகன் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, 2024 நவம்பரில் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களித்தான். இப்போது அதே மாநிலத்தில், ஒமாஹாவுக்கு மேற்கே 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ள கார்னி என்ற ஊரின் மருத்துவமனை ஒன்றில் அவனுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. வீடு பார்த்துவிட்டான், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டான். ஆனால் போன வாரம் பேசும்போது, "சம்பளம் கூடுகிறது பெரியம்மா, வாக்குதான் செல்லாக்காசாகிறது" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பில் வருத்தம் இருந்தது.

எனக்கு இது விளங்கவில்லை. மாநிலம் மாறவில்லை, வேட்பாளர்களும் வாக்குச் சீட்டும் மாறப்போவதில்லை. அப்படியிருக்க, ஒரே மாநிலத்துக்குள் வீடு மாறுவதால் ஒருவருடைய வாக்கின் மதிப்பு எப்படிக் குறையும்? அந்த மாநிலம் அறுபது ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சியையே தேர்ந்தெடுத்து வருகிறது என்று படித்தேன். அது உண்மையானால் ஒமாஹாவில் போட்ட வாக்கும் வீண்தானே? அவன் யாருக்கு வாக்களித்தான் என்று நான் கேட்கவில்லை. வருத்தத்தை வைத்து ஊகிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

இங்கே பழைய வண்ணாரப்பேட்டையிலும் தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். "இது இன்னாருடைய கோட்டை, நாம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் உறவினர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் நெப்ராஸ்காவுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சற்று விளக்கமாக எழுதினால் அவனுக்கு அனுப்பி வைப்பேன்.

வியாசர்பாடி ஆசிரியர் (ஓய்வு)

அம்மா, உங்கள் தங்கை மகன் விளையாட்டாகச் சொன்னாலும் அதற்குச் சட்ட அடிப்படை இருக்கிறது.

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்கள் அனுப்பும் 538 தேர்வாளர்களில் குறைந்தது 270 பேரின் வாக்கைப் பெறுபவரே அதிபர் ஆகிறார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட் உறுப்பினர் இருவருக்காக இரண்டும், பிரதிநிதிகள் சபையில் அதற்கு எத்தனை இடங்களோ அத்தனையுமாகத் தேர்வாளர்கள் உண்டு. தலைநகர் வாஷிங்டனும் 48 மாநிலங்களும், தம் எல்லைக்குள் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் எல்லாத் தேர்வாளர்களையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகின்றன. விலகி நிற்பவை மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டுமே. நெப்ராஸ்காவுக்கு உள்ள ஐந்து தேர்வாளர்களில் இரண்டு பேர் மாநிலம் முழுவதிலும் முதலிடம் பெற்றவருக்குப் போவார்கள். மற்ற மூவரும் மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் தனித்தனியாக முதலிடம் பெறுபவர்களுக்குப் போவார்கள். 1991இல் டயானா ஷிமெக் என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால் வந்த முறை இது. 1992 தேர்தல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஒமாஹா இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தது. 2008இல் மாநிலத்தில் தோற்ற ஒபாமா, இந்த ஒரு தொகுதியில் மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வென்று, 1964இல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு நெப்ராஸ்காவில் ஒரு தேர்வாளரைப் பெற்ற முதல் ஜனநாயகக் கட்சியினர் ஆனார். 2012இலும் 2016இலும் தொகுதி குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது. 2020இல் பைடனும் 2024இல் கமலா ஹாரிஸும் அதை வென்றார்கள். 2024இல் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் டிரம்புக்கு ஏறத்தாழ 59 விழுக்காடு, ஹாரிஸுக்கு 39 விழுக்காடு. ஆகவே ஒமாஹாவில் உங்கள் தங்கை மகன் வாக்களித்தபோது, மாநிலத்துக்குரிய இரண்டு தேர்வாளர்கள் விஷயத்தில் முடிவு முன்பே தெரிந்திருந்தாலும், தொகுதிக்குரிய ஒருவர் விஷயத்தில் உண்மையான போட்டியில்தான் அவர் பங்கெடுத்தார்.

கார்னி மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. மாநிலத்தின் பெரும்பகுதி நிலப்பரப்பை அடக்கிய, மக்காச்சோளமும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த அந்தத் தொகுதியில் நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் டிரம்புக்கு வாக்களிக்கிறார்கள். அங்கே போடும் அதிபர் வாக்கு தொடக்கூடிய தேர்வாளர்கள் மூவர். மூவருமே முன்கூட்டி முடிவானவர்கள். சொன்னது சரிதான்.

இது அமெரிக்காவின் விசித்திரம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி, பதிவான வாக்குகளில் பாதிக்கும் சற்றுக் குறைவாகப் பெற்று 39 இடங்களையும் வென்றது. 2014இல் 24 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்கு வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் இப்படி மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176 என்று 1971 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 234 பேரும் தனித்தனியே, இரகசியமாக, விருப்ப வரிசையிட்டு வாக்களிக்கிறார்கள். சென்னையில் ஒருவர் அளிக்கும் வாக்கு, மாநிலத்தில் பெரும்பான்மையோர் எதிர்ப்பக்கம் நின்றாலும், தில்லியில் எண்ணும்போது தன் மதிப்பை இழப்பதில்லை.

அளவு குறித்து ஒன்று சேர்த்துவிடுகிறேன். 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்காத இன்னொரு மாநிலமான வயோமிங்கின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 5,76,851. நம் வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் வாக்காளர்கள் மட்டுமே அதைப்போல் இரண்டரை மடங்கு. அந்த வயோமிங்குக்கு மூன்று தேர்வாளர்கள். ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வயோமிங்காரரின் எடை மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் வயோமிங்கில் சிறுபான்மைக் கருத்துள்ளவருக்கு அந்த எடையால் ஒரு பயனும் இல்லை. அவருடைய பங்கையும் சேர்த்தே எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ராயபுரம் தோழர்

ஆசிரியர் ஐயா எழுதிய விதிமுறை விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டை என்ற பேச்சைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நம் பக்கத்துக் கோட்டைகளின் கதையை முதலில் பாருங்கள். ராயபுரம் சட்டமன்றத் தொகுதியை 2001 முதல் 2016 வரை நான்கு தேர்தல்களில் ஒரே வேட்பாளர் தொடர்ந்து வென்றார், 2021இல் தோற்றார். வடசென்னை நாடாளுமன்றத் தொகுதி தி.மு.க.வின் கோட்டை என்பார்கள். 2014இல் அதை அ.தி.மு.க. வென்றது. நம் ஊரில் கோட்டை இடிவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போதும், ஏனென்றால் இங்கே கூட்டணி மாறும், வேட்பாளர் மாறுவார், மூன்றாவது நான்காவது அணிகள் வாக்கைப் பிரிக்கும். அமெரிக்காவில் இரண்டே கட்சிகள். அதனால் ஒரு மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் நிமிர்வதற்கு இரண்டு தலைமுறை ஆகிறது.

ஆனாலும் அந்த மண் பிறவியிலேயே பழைமைவாதம் பேசிய மண் அன்று. இரயில் கம்பெனிகளின் சரக்குக் கட்டணத்துக்கும் வங்கிகளின் வட்டிக்கும் இடையே நசுங்கிய உழவர்கள் 1892 ஜூலையில் ஒன்றுகூடி மக்கள் கட்சி என்ற புதுக் கட்சியின் தேசிய மாநாட்டை நடத்தியது இதே ஒமாஹாவில்தான். இரயில்வே அரசுடைமையாக வேண்டும், வருமானத்துக்கு ஏற்ப வரி ஏற வேண்டும் என்று அவர்கள் தீர்மானம் போட்டபோது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் பெருமைப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி அண்டு சி மில் தொழிலாளர்களைக் கொண்டு பெரம்பூரில் உருவாக இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. 1896இல் ஜனநாயகக் கட்சியும் மக்கள் கட்சியும் சேர்ந்து நிறுத்திய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் நெப்ராஸ்காக்காரர்; தன் மாநிலத்தை வென்றார், நாட்டைத் தோற்றார். 1932இலும் 1936இலும் அம்மாநிலம் ரூஸ்வெல்டுக்கு வாக்களித்தது. 1940இல் திரும்பியது, அதற்குப் பிறகு 1964 ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே பக்கம்.

இன்று அந்த உழவர்கள் ஏன் அப்படி வாக்களிக்கிறார்கள் என்று கேட்டால், படித்த பலர் அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2018இல் டிரம்ப் சீனப் பொருள்கள் மீது விதித்த வரிக்குப் பதிலடியாகச் சீனா அமெரிக்க சோயாவின் மீது வரி விதித்தது, விலை சரிந்தது, அதை ஈடுகட்டக் கூட்டரசு 2018இல் 1,200 கோடி டாலரும் 2019இல் 1,600 கோடி டாலரும் ஒதுக்கியது. அடித்த கையே அணைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் அதே உழவர்கள் அதே பக்கம்தான் நின்றார்கள். தேவாலயம், துப்பாக்கி உரிமை, நிலத்தின் மீதான வரி, தொலைதூரத் தலைநகரின் மீதுள்ள சந்தேகம் ஆகியவை சோயா விலையைவிட நெடுங்காலம் நிற்பவை. மறுதரப்புக் கட்சியோ அந்தச் சிற்றூர்களில் கிளை வைத்து, ஆள் வைத்து வேலை செய்வதைக் கைவிட்டு வெகுநாளாயிற்று. கிளைச் செயலாளர் இல்லாத ஊரில் கட்சி ஏது?

ஆகவே அம்மாவுக்கு என் பதில் இதுதான். கார்னியில் போடும் அதிபர் வாக்கு முடிவை மாற்றாது. சும்மா ஆறுதல் சொல்லி மழுப்ப வேண்டாம்.

எருக்கஞ்சேரியான், ஒமாஹா

வணக்கம். எருக்கஞ்சேரியில் பிறந்து, நெடுங்காலமாக ஒமாஹாவில் இருக்கிறேன். தோழர் சொன்னதை மறுக்க மாட்டேன், ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

2024இல் இங்கே நடந்ததைச் சொன்னால்தான் ஒமாஹா வாக்குக்கும் கார்னி வாக்குக்கும் உள்ள வேறுபாடு முழுதாகப் புரியும். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் தன் கட்சியின் வழக்கமான மாநிலங்களையும் வென்று, மற்ற இழுபறி மாநிலங்கள் அனைத்தையும் ஹாரிஸ் இழந்தால் அவருக்குக் கிடைக்கக்கூடியது 269. ஒமாஹாவின் ஒன்று சேர்ந்தால் 270. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் செப்டம்பரில் தென் கரோலைனாவின் செனட்டர் லிண்ட்சி கிரகாம் மாநிலத் தலைநகரான லிங்கனுக்கே வந்து, தொகுதிவாரி முறையை ஒழித்து ஐந்தையும் ஒருவருக்கே கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றுமாறு குடியரசுக் கட்சி உறுப்பினர்களிடம் பேசினார். ஆளுநர் ஜிம் பில்லனும் ஆதரவு. இங்கே சட்டமன்றத்துக்கு ஒரே அவைதான், 49 பேர். வாக்கெடுப்பு நடக்கவிடாமல் பேசிக்கொண்டே போகும் தடை விவாதத்தை முறியடித்துச் சட்டத்தை முன்னெடுக்க 33 வாக்குகள் வேண்டும். அந்த வாக்குகளைச் சேர்க்க முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம் மைக் மெக்டானல் என்ற ஒமாஹா உறுப்பினர். முன்பு தீயணைப்புத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்தவர். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்தார். தேர்தல் வாசலில் வந்து நிற்கும்போது விதியை மாற்றச் சம்மதிக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். நகரெங்கும் வீட்டு முற்றங்களில் எழுத்தே இல்லாமல், ஜனநாயகக் கட்சியின் நிறமான நீலத்தில் ஒரு புள்ளி மட்டும் வரைந்த பலகைகள் நின்றன. கடைசியில் டிரம்ப் 312 தேர்வாளர்களுடன் வென்றதால் எங்கள் ஒன்று எந்தப் பக்கம் போயிருந்தாலும் வேறுபாடு இருந்திருக்காது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கிராமப்புற மாநிலம் என்று வெளியில் சொல்கிறார்களே தவிர, நம் மாவட்டம் போன்ற பிரிவுகளான 93 கவுண்டிகளில் ஒமாஹா, லிங்கன் நகரங்களைச் சுற்றிய மூன்று கவுண்டிகளில் மட்டுமே மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இந்த நகரத்தாரிலும் கணிசமானோர் குடியரசுக் கட்சிக்காரர்கள். 2024இல் ஹாரிஸை வெல்ல வைத்த அதே இரண்டாம் தொகுதி, அதே நாளில், பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கனை அனுப்பியது. ஒரே சீட்டில் மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி.

உங்கள் தங்கை மகனிடம் சீட்டின் கீழ்ப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே வாக்குச் சீட்டு ஒரே பெயரோடு முடிவதில்லை. முன்பக்கம் பின்பக்கம் என்று நீளும். மேலே உள்ள அதிபர் வரியில் முன்கூட்டியே முடிவு தெரிந்த அதே மாநிலம், கீழே வந்தால் வேறு முகம் காட்டுகிறது. ஏழை எளியோருக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கச் சட்டமன்றம் பல முறை மறுத்தபின், 2018இல் மக்கள் கையெழுத்து சேகரித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். 2022இல் குறைந்தபட்சக் கூலியை 2026க்குள் மணிக்கு 15 டாலராக உயர்த்துவதற்கு வாக்களித்தார்கள். 2024இல் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு வேண்டும் என்ற முன்மொழிவை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தார்கள். டிரம்பை ஆதரித்தவர்களில் பெரும்பகுதியினரும் சேராமல் அந்தக் கணக்கு வராது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் சட்டத்தை அதே நாளில் அவர்களே நீக்கினார்கள். தனியார் பள்ளியே இல்லாத சிற்றூர்க்காரர் அதற்கு வரி கட்ட ஏன் விரும்புவார்?

இதை வைத்து, உள்ளுக்குள் எல்லோரும் மாற்றுக் கட்சியினர் என்று கனவு காண வேண்டியதில்லை. சட்டமன்றம் 2015இல் ஒழித்த மரண தண்டனையை 2016இல் மக்கள் வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2024இல் கருக்கலைப்பு குறித்த இரண்டு எதிரெதிர் முன்மொழிவுகளில் கட்டுப்படுத்தும் முன்மொழிவே வென்றது. பழைமைவாதிகள் பழைமைவாதிகளே. ஆனால் கட்சிப் பெயரை எடுத்துவிட்டு ஒவ்வொரு விஷயமாகக் கேட்டால் ஒவ்வொரு விதமாக விடை சொல்கிறார்கள்.

தோழருக்குப் பிடித்த செய்தி ஒன்று. 2021இல் கெலாக்ஸ் நிறுவனத்தின் நான்கு ஆலைகளில் ஏறத்தாழ 1,400 தொழிலாளர்கள் இரண்டரை மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒமாஹா ஆலையின் சங்கத் தலைவராக அதை நடத்திய டான் ஆஸ்பார்ன் ஓர் இயந்திரப் பழுது நீக்குநர். 2024இல் அவர் கட்சி சாராத வேட்பாளராக செனட் தேர்தலில் நின்றார். ஜனநாயகக் கட்சி ஆள் நிறுத்தவில்லை. தோற்றார், ஆனால் ஹாரிஸ் 39 விழுக்காடு பெற்ற மாநிலத்தில் அவர் 46க்கு மேல் பெற்றார். அந்த வேறுபாட்டில் கார்னி போன்ற ஊர்களில் விழுந்த வாக்குகளும் அடக்கம். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்படும் செனட் தேர்தலில் ஒமாஹா வாக்கும் கார்னி வாக்கும் ஒரே எடை. 2026இல் மீண்டும் நிற்பதாக அவர் 2025இல் அறிவித்தார்.

இன்னொன்று, வடசென்னைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் மின்விநியோகம் முழுவதும் பொது உடைமையாகவும் கூட்டுறவாகவும் உள்ள ஒரே மாநிலம், இந்தப் பழைமைவாத நெப்ராஸ்கா. அந்த மின்வாரியங்களில் பலவற்றின் இயக்குநர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிப் பெயர் இல்லாமல். அதிபர் பெயர் இருக்கும் அதே சீட்டில் மின்வாரிய இயக்குநர் பெயரும் இருக்கிறது. வட ஒமாஹாவில், கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பகுதிக்கு அருகே, மிசௌரி ஆற்றங்கரையில் 1950களில் தொடங்கிய அனல்மின் நிலையம் ஒன்று உண்டு. அங்கே நிலக்கரி எரிப்பதைப் படிப்படியாக நிறுத்துவது என்று 2014இல் முடிவெடுத்ததும் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம்தான், 2023இல் முடிந்திருக்க வேண்டிய கடைசிக் கட்டத்தை 2026க்குத் தள்ளிவைப்பது என்று 2022இல் முடிவெடுத்ததும் அதே வாரியம்தான். இந்த இயக்குநர் தேர்தல்களில் வாக்காளர் எண்ணிக்கை குறைவு. பெயரைக் கூடக் கேள்விப்படாமல் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அங்கே ஒரு வாக்குக்கு இருக்கும் வலிமை, அதிபர் வரியில் இருக்கும் வாக்கைவிட ஆயிரம் மடங்கு என்றாலும் தகும்.

மணலி புதுநகர்

மேலே எழுதியவரின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து இறாலும் மீனும் குறைந்துபோனதைப் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே அனல்மின் நிலையம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதில் எங்களுக்கு வாக்கு இல்லை. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அந்த முடிவை எடுத்தவர் யார் என்று எங்கள் தெருவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மின்கட்டணம் உயரும்போது ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது, மனு கொடுக்கலாம், பேசலாம், அத்துடன் சரி. மின்வாரிய இயக்குநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும், அந்த வரியைப் பலர் காலியாக விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும் ஒரே மூச்சில் படிக்கும்போது சற்று வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். கார்னியில் குடியேறுபவருக்கும் அந்த உரிமை உண்டா, அல்லது ஒமாஹாவுக்கு மட்டும்தானா?

எருக்கஞ்சேரியான், ஒமாஹா

உண்டு. கார்னிக்கு மின்சாரம் தருவது நெப்ராஸ்கா பொது மின்வாரியம் என்ற வேறொரு வாரியம். அதன் இயக்குநர்கள் 11 பேரும் தேர்ந்தெடுக்கப்படுபவர்களே. மாநிலத்தின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமும், பிரவுன்வில்லுக்கு அருகே உள்ள கூப்பர் அணுமின் நிலையமும் அந்த வாரியத்தின் கையில் இருக்கின்றன.

ராயபுரம் தோழர்

ஆஸ்பார்ன் பற்றிய செய்திக்கு நன்றி. மின்வாரியத் தேர்தலும் நல்ல ஏற்பாடு. நம் ஊரிலும் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. ஆனால் அம்மா கேட்டது அதிபர் வாக்கைப் பற்றி. நாட்டின் போரையும் குடியேற்றச் சட்டத்தையும் மணலிக்காரர் சாம்பலுக்குக் காரணமான பருவநிலைக் கொள்கையையும் தீர்மானிக்கும் பதவிக்கான தேர்தலில் ஒருவருக்குக் குரல் இல்லை என்றால், மின்வாரியத்தில் குரல் இருக்கிறது என்பது அதற்கு ஈடாகாது. விதியை மாற்ற வழி உண்டா என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

வியாசர்பாடி ஆசிரியர் (ஓய்வு)

தோழருக்கு: வழி ஒன்று பாதித் தொலைவு வந்திருக்கிறது. நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே தங்கள் தேர்வாளர்களை அளிப்பது என்று சில மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. உடன்பட்ட மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை 270ஐத் தொட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். 2024 ஏப்ரலில் மெய்ன் சேர்ந்தபோது 209 ஆயிற்று. நடைமுறைக்கு வந்தால் கார்னி வாக்கும் கலிபோர்னியா வாக்கும் ஒன்றாகும். ஆனால் உடன்படிக்கையில் சேர்ந்தவை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி ஆதிக்கம் உள்ள மாநிலங்கள். நெப்ராஸ்கா சேரவில்லை, சேரும் அறிகுறியும் இல்லை. அரசியல் சட்டத்தைத் திருத்துவது என்றால் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும். இப்போதைய முறையால் கூடுதல் எடை பெறும் சிறு மாநிலங்கள் தாமாக முன்வந்து அதை இழக்கச் சம்மதிப்பது நடக்கிற காரியமன்று. எனக்கு உயிர் உள்ள வரையில் அந்த விதி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய வண்ணை வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. முழுவதையும் அவனுக்கு அனுப்பினேன், இரவே அழைத்தான். அதிபர் வரியைப் பற்றித் தோழர் சொன்னதுதான் சரி என்றான், மின்வாரியத்தைப் பற்றி அவனுக்கே தெரியவில்லை. 2024இல் அந்த வரியைக் காலியாக விட்டானா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வேறு கவுண்டிக்குப் போவதால் வாக்காளர் பதிவை மாற்ற வேண்டுமாம். அந்தப் படிவத்தில் கட்சியின் பெயரைக் குறிப்பிடும் கட்டம் ஒன்று இருக்கிறதாம். கார்னியில் எந்தக் கட்சி என்று குறிப்பது நல்லது என்று யோசிக்கிறான். இது என்ன கணக்கு?

எருக்கஞ்சேரியான், ஒமாஹா

அம்மா, அதுதான் மூன்றாம் தொகுதியில் உண்மையான கேள்வி. அங்கே நவம்பர்த் தேர்தல் பெரும்பாலும் சடங்கு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தேர்ந்தெடுக்க மே மாதம் நடக்கும் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில்தான் யார் வெல்வார் என்பது முடிவாகிறது. 2022இல் ஆளுநர் பதவிக்கு டிரம்ப் ஆதரித்த சார்லஸ் ஹெர்ப்ஸ்டரை அக்கட்சி வாக்காளர்களே தோற்கடித்து ஜிம் பில்லனைத் தேர்ந்தெடுத்தது அந்த மே மாதத்தில்தான். நவம்பரில் பில்லன் எளிதாக வென்றார். ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் அந்த முதனிலை வாக்கு, குடியரசுக் கட்சியினர் என்று பதிவு செய்துகொண்டவர்களுக்கே உண்டு. எனவே மனத்தில் வேறு கட்சி இருந்தாலும் பதிவில் குடியரசுக் கட்சி என்று எழுதிக்கொள்பவர்கள் இங்கே உண்டு. அது சட்டத்துக்குப் புறம்பானதும் இல்லை. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். 2022இல் மக்கள் ஒப்புதல் பெற்ற விதிப்படி இப்போது வாக்களிக்கும்போது புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். வீடு மாறியதும் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய வண்ணை வாசகி

சொல்லிவிட்டேன். பதிவு செய்வான் என்றுதான் தோன்றுகிறது. மூன்று தலைமுறையாக ஒரே கட்சிக் கொடியைத் தவிர வேறொன்றை வாசலில் கட்டாத வீடு எங்களுடையது. மாற்றுக் கட்சியின் பெயரை அரசாங்கப் படிவத்தில் தன் கையால் எழுதப்போகிறான் என்பதை என் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.